மூன்று விரல் திறப்பு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது என் வாய்க்குள் ஒரு கட்டைவிரல் இருந்தது. சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் தொடக்கம் அதுதான்.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் சைமா ஒரு சின்ன பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறாள். முழங்காலும் முதுகும் பார்த்துக்கொண்டிருந்தவள் இந்த வருடம் தாடை மூட்டுக்கான சிறப்புப் பயிற்சியில் சேர்ந்தாள். ஞாயிறுதோறும் வகுப்பு. கற்றதை வாரநாளில் யாருடைய தாடையிலாவது பழகிப் பார்க்க வேண்டும்.

"அக்கா, உங்க தாடை சும்மாதானே இருக்கு?" என்று கேட்டாள். என் தாடை சும்மா இருப்பதாக அதுவரை யாரும் சொன்னதில்லை. சந்தோஷமாகப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

கையுறை போட்ட கட்டைவிரலை என் கீழ்க் கடைவாய்ப்பல் மேல் வைத்து மெல்ல அழுத்துவாள். இன்னொரு கையின் விரல், காதுக்கு முன்னால் மூட்டு எப்படி நழுவுகிறது என்று தொட்டுப் பார்க்கும். அந்த நேரத்தில் நான் பதில் பேச முடியாது. பதில் பேச முடியாதவரிடம் எல்லோரும் தாராளமாகப் பேசுகிறார்கள். அவளிடம் வைத்தியத்துக்கு வந்துகொண்டிருந்த சுப்புராயனைப் பற்றி நான் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

(செய்யாற்றில் எங்கள் பள்ளியில் கடிதம் எழுதச் சொல்லித் தந்தபோது, முதலில் ‘பொருள்’ போடாவிட்டால் மதிப்பெண் கிடையாது. எனவே, பொருள்: சாத்தாங்காடு திரு. சுப்புராயனுக்கு வாய் சரியாகத் திறக்காதது தொடர்பாக.)

2

முதல் தொடக்கம்: "சாத்தாங்காடு இரும்புச் சந்தையின் மேல் சூரியன் காய்ச்சிய தகடுபோல எழுந்து—"

விட்டுவிட்டேன். சூரியனுக்கும் இந்தத் தாடைக்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது: "சுப்புராயன் வாயைத் திறந்தான். அது திறக்கவில்லை."

இது ஜோராகத்தான் இருந்தது. ஆனால் பேரன் எடுத்த மனிதரை ‘திறந்தான்’ என்று எழுதக் கை வரவில்லை.

மூன்றாவதை அப்படியே வைத்துக்கொள்கிறேன். சாத்தாங்காட்டில் ஓர் இரும்பு யார்டு. கிரேன் ஓட்டுபவர் ரஹீம். தூக்கிய கம்பிக்கட்டு எங்கே இறங்குகிறது என்று அவர் இருக்கையிலிருந்து தெரியாது. கீழே நின்று கைகாட்டுபவர் சுப்புராயன். ரஹீமுக்குக் கை, கட்டுக்கு அடியில் வருகிற ஆட்களுக்குக் குரல். ‘ஓரம்’ என்று அவர் ஒரு சத்தம் போட்டால் ஆட்கள் சிதறி ஒதுங்குவார்கள்.

சில மாதங்களாக வாய் முழுதாகத் திறக்காமல் அந்த ‘ஓரம்’ பாதியிலேயே நின்றுவிடுகிறது. யார்டு மேஸ்திரி பார்த்தார். கெட்டவர் இல்லை. "உன் சத்தம் கேக்கலன்னா எவன் தலைமேலயாவது கட்டு எறங்கிடும்பா. மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். சரியாவலன்னா கேட்டுல போய்க் குந்திக்கோ" என்றார்.

கேட் என்றால் காவல். நாற்காலி உண்டு, நிழல் உண்டு, சம்பளமும் அதேதான். சுப்புராயனுக்கு அது வேண்டாம்.

3

கிளினிக்கில் நடந்ததைச் சைமா சொன்னபடி எழுதுகிறேன்.

"என்ன பண்ணுது அண்ணா?"

"கொட்டாவி வுட்டா காதாண்ட டொக்குன்னு ஒரு சவுண்டு வருதும்மா. நம்ம பூவம்மா அதைக் கேட்டுட்டு, யாரோ கதவத் தட்றாங்கன்னு எந்திரிச்சுப் போயிடுச்சு."

(பூவம்மா அவர் மனைவி. இந்தக் கதையில் அவருக்கு இருக்கும் வேலை இந்த ஒரு வரிதான். வருத்தமாக இருக்கிறது.)

"பல்லைக் கடிக்கிற பழக்கம் இருக்கா?"

"இன்னாத்துக்கும்மா கடிக்கணும்? எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல."

நடு மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விடச் சொன்னாள். நல்ல தாடைக்கு மூன்றும் போகும். அவருக்கு ஒன்றரை போனது.

"என் விரலு தடிமன்மா. உன் விரல வெச்சு அளந்துக்கோயேன், பாஸாயிடுவேன்."

"உங்க வாய்க்கு உங்க விரல்தான் அண்ணா அளவு."

தசையை நீவிவிட்டாள், மூட்டை இளக்கினாள். வீட்டுக்கும் பாடம் கொடுத்தாள்: உதடு மூடியிருக்கட்டும், நாக்கு நுனி மேலண்ணத்தில் இருக்கட்டும், சாப்பிடும்போது தவிர பல்லும் பல்லும் படவே கூடாது.

போகும்போது இரண்டு விரல் போகும். அடுத்த முறை வரும்போது பழையபடி ஒன்றரை. இப்படியே நடந்தது. சைமாவுக்குத் தன் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. என் தாடையை அழுத்திக்கொண்டே "எனக்கு இது வராது போலக்கா" என்றாள். நான் ‘ஆ’ என்றேன். அதற்குமேல் முடியவில்லை.

அன்று இரவு அவள் தனியாக அமர்ந்து கண்ணீர்—

(இந்த இடத்தை எழுதியதும் அவளிடம் காட்டினேன். "நான் எங்கக்கா அழுதேன்?" "கதைக்கு ஒரு..." "அழல. பிரியாணியில பாதி வெச்சிட்டேன், அவ்ளோதான்." அடித்துவிட்டேன். பாதி பிரியாணி கண்ணீரைவிடப் பெரிய துக்கம் என்று அவள் வீட்டுப் பிரியாணியைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.)

பயிற்சி தரும் ஹெப்சிபா மேடம் அவளை எல்லோர் முன்னாலும் செய்துகாட்டச் சொன்னார். பார்த்துவிட்டுக் கேட்டார்: "உன் கை சரியாத்தான் இருக்கு. நீ விட்டதுக்கப்புறம் அந்த வாய் நாள் முழுக்க என்ன பண்ணுதுன்னு போய்ப் பார்த்தியா?"

4

போனோம். நானும் கூடப் போனேன். கதை எழுதுகிறவளுக்கு யார்டைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று.

தூரத்திலிருந்தே தெரிந்தது. சுப்புராயனின் பல்லிடுக்கில் ஒரு விசில்.

இதை நான் இரண்டாம் பகுதியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சைமாவுக்கும் அதுவரை தெரியாது. அவளுக்குத் தெரியாததை உங்களுக்கு மட்டும் சொல்வது நியாயமாகப் படவில்லை. ரஹீமைத் தன் கையைப் பார்க்க வைக்க விசில், கீழே இருப்பவர்களுக்குக் குரல். இரண்டு கைகளும் சைகையில் இருப்பதால் விசிலுக்கு இடம் பல்தான்.

எங்களைக் கண்டதும் அதை அவசரமாக எடுத்து, சட்டையில் துடைத்து, பையில் போட்டுக்கொண்டார்.

"அண்ணா, அதை எப்பவும் வாயிலயேவா வெச்சிருக்கீங்க?"

"காலீல வெச்சா சாயங்காலம் எடுப்பேன். கத்தறதுன்னா கடவாய்க்குத் தள்ளிக்குவேன்."

"பல்லும் பல்லும் படக்கூடாதுன்னு அவ்ளோ சொன்னேனே."

"படலியேம்மா. நடுவுல விசில் கீது." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "நீ சொன்னதுலேர்ந்து டீ குடிக்கிறப்பகூட எடுக்கறதில்ல. ஓரமா குடிச்சுக்கினு கீறேன்."

சைமா தலையில் கை வைத்துக்கொண்டாள். கிரேன் மேலிருந்து ரஹீம் எட்டிப் பார்த்தார்.

"மாமு, வைத்தியம் பாருன்னா வைத்தியத்தையே கடிச்சிக்கினு கீறியா?"

"ஏன் அண்ணா இதை கிளினிக்ல காட்டல?"

"எச்சி சாமான்மா. குளிச்சிட்டு நல்ல சட்டை போட்டுக்கினு வர்றேன், இதையா தூக்கியார்றது? கலீஜா இருக்காது?"

மரியாதைக்காக அவர் எடுத்துவைத்துவிட்டு வந்த பொருளைத்தான் சைமா அத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

நாள் முழுக்கக் கடித்துத்தான் தாடை இறுகுகிறது, விசிலைப் பல்லிலிருந்து எடுத்தாக வேண்டும் என்றாள். அவர் முகம் வாடிவிட்டது. "அப்போ எந்தக் கையில புடிக்கிறது? எனக்கு மூணாவது கை இல்லியேம்மா." கடைசியில் வழி சொன்னவர் ரஹீம். விசில் கயிற்றை இடது மணிக்கட்டில் கட்டிக்கொள்வது, தேவைப்படும்போது மட்டும் ஊதுவது, சைகை எல்லாம் வலது கைக்கு. இரண்டு கை வேண்டிய சைகைகளுக்குப் பதில் சுப்புராயனும் ரஹீமுமே புதிதாகப் பேசி வைத்துக்கொண்டார்கள். மேஸ்திரியும் நின்று பார்த்துத் தலையசைத்தார்.

"இத்தினி வருசம் ரெண்டு கையப் பாத்தவன். இப்போ பாதி ஆளு லீவு போட்ட மாதிரி கீது" என்று ரஹீம் முதல் நாள் முழுக்கப் புலம்பினாராம்.

5

இப்போது முடிவு. இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) சுப்புராயன் ‘ஓரம்’ என்று கத்துகிறார். யார்டு அதிர்கிறது. எண்ணூர்த் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்வரை கேட்கிறது.

(ஆ) சத்தம் பாதியில் நிற்கிறது. கேட்டில் நாற்காலி போடுகிறார்கள். அவர் அதில் உட்கார்ந்து, விசிலைக் கையில்—

(ஆ)வை முடிக்க மனம் வரவில்லை.

இதை எழுதும் இன்று ஞாயிற்றுக்கிழமை. மாசக் கடைசி நாளைதான். வகுப்பு முடிந்து வந்த சைமா மாலையில் அவரை வரச் சொல்லியிருந்தாள். இந்த முறை விசில் மணிக்கட்டிலேயே தொங்கியது. விரல்களை விட்டுப் பார்த்தார். இரண்டு முழுதாகப் போயின. மூன்றாவதில் நகம்வரை.

"நகம் உள்ள பூட்ச்சும்மா. மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்."

சைமா அவர் காதுக்கு முன்னால் விரலை வைத்து, மூட்டு தடையில்லாமல் நழுவுவதை இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரவு பிரியாணி எனக்கும் ஒரு தட்டு மேலே வந்தது. தட்டு நிறைய.

சுப்புராயன் கிளம்புமுன் அவருக்கு (அ)வைப் படித்துக் காட்டியிருந்தேன்.

"கப்பலுக்கெல்லாம் வோணாம்மா. கேட்டு வரைக்கும் கேட்டாப் போதும்."

எனவே முடிவை நான் எழுதவில்லை. நாளை நான் யார்டில் இருக்கமாட்டேன், நீங்களும் இருக்கமாட்டீர்கள். ஆனால் உங்களிடம் மூன்று விரல்கள் இருக்கின்றன. இதைப் படிக்கும் இந்த நிமிடம் உங்கள் பல்லும் பல்லும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தால், முதலில் அவற்றை விடுவியுங்கள். விரல்களை விட்டுப் பாருங்கள். பிறகு எழுந்து நின்று, அவருக்காக ஒருமுறை ‘ஓரம்’ என்று சத்தம் போடுங்கள்.

அது எதுவரைக்கும் கேட்கிறதோ, அங்கே கதையை நிறுத்திக்கொள்ளலாம்.