புளியில் தேய்த்த காசு

“இந்தக் காசைப் புளி போட்டுத் தேச்ச மகராசி யாரும்மா?”

கேமராத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே ரெங்கராஜ் கேட்டார். ஆரிஃபாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தில்லை நகரில் அவருடைய கேமராக் கடையில், கண்ணாடி மேஜைக்கு இந்தப் பக்கம் அவள் நின்றிருந்தாள். மேஜைமேல் ஒரு வெள்ளைத் தாள், அதன் நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு செப்புக்காசு. எந்தக் கேமரா நன்றாகப் பிடிக்கிறது என்று சோதித்துப் பார்க்க வீட்டிலிருந்து கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்தது.

“ஏங்க, தேச்சா என்ன?” என்றாள்.

“என்னவா? நீங்களே பாருங்க.”

அவர் கேமராவைத் திருப்பிக் காட்டினார். திரை முழுக்கக் காசு விரிந்து கிடந்தது. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஆயிரம் கோடுகள், அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டி வைத்த மாதிரி.

“தேங்கா நார் வேற போட்டிருக்காங்க. இந்தப் பக்கம் எழுத்து இருந்திருக்கணும், வழிச்சு எடுத்துட்டாங்க. காசு சேக்குறவங்க நம்ம கடைக்கு நிறைய பேர் வருவாங்கம்மா. பழைய காசுல படிஞ்சிருக்கிற கறுப்பை நகத்தால கூடத் தொடமாட்டாங்க. காசுக்கு உசுரே அந்தக் கறுப்புதானாம். இதைப் பாத்தா நெஞ்சுல அடிச்சுக்குவாங்க.”

அந்த மகராசி அவளேதான். கல்யாணம் பேசி முடித்தபோது, மாப்பிள்ளையின் அத்தாவுக்குப் பழைய காசு என்றால் உயிர் என்று யாரோ சொன்னார்கள். முசிறியில் சின்னப் பிள்ளையாகக் காவேரி மணலில் விளையாடும்போது கிடைத்த காசு ஒன்று அவளிடம் இருந்தது. கறுத்துப்போய்க் கிடந்ததை அப்படியே நீட்டினால் மரியாதையாக இருக்குமா? பெருநாளைக்குப் பித்தளை அண்டாவைத் தேய்க்கிற மாதிரி புளியும் உப்பும் போட்டு, தேங்காய் நாரால் கை ஓய்கிற வரைக்கும் தேய்த்தாள். புது மருமகளாகத் தென்னூர் வீட்டுக்குள் வந்ததும், ஜிகினாத் தாளில் சுற்றி மாமாவிடம் கொடுத்தாள்.

மாமா சேக் மைதீன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். “மாஷா அல்லாஹ்! என்ன பளபளப்பு!” என்றார். பிறகு ஆல்பத்தின் முதல் பக்கத்தில், முதல் உறையில் அதைச் செருகினார். சோழர் காசும் நாயக்கர் காசும் நவாபு காசும் அதற்குப் பின்னால்தான். அந்தப் பெருமையிலேயே அவள் மூன்று வருஷம் ஓட்டிவிட்டாள். அட அல்லாஹ்வே, இத்தனை நாள் அந்த மனுஷர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

இப்போது மாமா கடைசிக் கட்டத்தில் இருந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் இரும்போடு மல்லுக்கட்டிய உடம்பைச் சர்க்கரை தின்றுவிட்டது. முதலில் கண், பிறகு கிட்னி. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். மஸ்கட்டில் இருக்கும் ஆரிஃபாவின் வீட்டுக்காரன் அப்துல் அஹத் டிக்கெட் போட்டுக் கிளம்பிவிட்டான். கண் மங்கியதிலிருந்து மாமா ஆல்பத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருப்பாரே தவிர, எந்தக் காசும் அவருக்குத் தெரிவதாக அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் நேற்று டிவியில் ஓடிய கொட்டை எழுத்தை அவர் எழுத்துக் கூட்டிப் படித்ததை ஆரிஃபா பார்த்தாள். அந்த எழுத்து அளவுக்குக் காசைப் பெரிதாக்கிக் காட்டினால் தெரியுமே என்று அவளுக்குப் பொறி தட்டியது. போனில் எடுத்துப் பார்த்தாள். கிட்டே போனால் கலங்கியது, இல்லையென்றால் போனின் நிழலே காசை மூடியது. “கேமராவே வாங்கிடு. அத்தா ஒரு தடவை பாத்துடட்டும்” என்று அஹத் போனில் சொன்னான்.

மாமிக்குத்தான் பொறுக்கவில்லை. “மனுஷன் மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்குறாரு, இவளுக்குக் கேமரா கேக்குதா?” என்று பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும்படி சொன்னார். மாமியின் வாய் எப்போதுமே அப்படித்தான். ஆரிஃபா காதில் வாங்காத மாதிரி ஆட்டோ ஏறிவிட்டாள்.

மேஜைமேல் மூன்று கேமராக்கள் இருந்தன. முதலாவது தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டுகிற ரகம், பார்க்கத் தடபுடலாக இருந்தது. ரெங்கராஜே அதை ஒதுக்கினார். “இது கிரவுண்டுல கிரிக்கெட் எடுக்க. காசுக்கு ஆகாது. மெகாபிக்ஸலைப் பாத்து ஏமாறாதீங்கம்மா, எவ்வளவு கிட்ட ஃபோகஸ் ஆகுதுங்கறதுதான் விஷயம்.”

இரண்டாவது கைக்குள் அடங்குகிற சின்னக் கேமரா. காசு பெரிதாகத்தான் விழுந்தது. ஆனால் எல்லாமே பவுடர் பூசின மாதிரி வழவழவென்று இருந்தது. முக்கியமாக, அதில் கோடு தெரியவில்லை.

மூன்றாவதுதான் இப்போது அவர் கையில் இருந்தது. கிட்டத்தில் எடுப்பதற்கென்றே ஒரு லென்ஸ் மாட்டியது. ஒரு சாண் தள்ளி வைத்தே எடுக்கலாம், நிழல் விழாது. காசில் ஒட்டிய தூசித் துணுக்கைக்கூட அது விடவில்லை. டிவியில் வயரைச் செருகினால் அப்படியே திரையில் வரும். அவளுடைய கோடுகளும் சேர்ந்துதான் வரும், ஒவ்வொன்றும் விரல் தடிமனுக்கு.

“சின்னதே போதும்னாலும் போதும்தான். வீட்டுக்குத்தானே?” என்றார் ரெங்கராஜ்.

ஆரிஃபாவின் கை சின்னக் கேமராமேல் போய் நின்றது. அல்லாஹ்வே, இதை எடுத்துக்கொண்டு போய்விட்டால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? மாமா நாலு காசைப் பார்ப்பார், சந்தோஷப்படுவார், அவள் மானமும் தப்பும். ஆனால் கலங்கலாகத் தெரிவதற்கு மாமாவின் கண்ணே போதுமே, அதற்கு ஒரு கேமரா எதற்கு? முழுதாகத் தெரிந்தால்தான் அந்தக் கண்ணுக்குக் கொஞ்சமாவது தெரியும். தன் காசைக் காட்டாமல் விட்டால் போயிற்று என்று அவள் ஒரு கணக்குப் போட்டாள்.

“பெரிய லென்ஸ் மாட்டினதையே குடுங்க” என்றாள்.

ரெங்கராஜ் நல்ல மனுஷர். வீட்டில் நிலைமை இன்னதென்று கேட்டவர், கடைப் பையனிடம் விடாமல், தானே ஸ்டாண்டில் கேமராவைக் குப்புற மாட்டி எப்படி வைப்பதென்று காட்டினார். “லைட்டை மேலேர்ந்து அடிக்காதீங்க, மொட்டையாத் தெரியும். பக்கத்துல சாய்ச்சு வைங்க. அப்பதான் மேடு பள்ளம் எந்திரிச்சு நிக்கும்” என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார். சாஸ்திரி ரோட்டில் ஆட்டோ ஊர்ந்தபோது, அவருக்காக அவள் மனதார ஒரு துஆ செய்தாள்.

வீட்டில் மாமி ஷரபுன்னிசா கட்டில் ஓரத்தில் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார். ஆரிஃபாவைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பக்கத்தைப் புரட்டினார். அவள் டிவியைக் கட்டிலருகே இழுத்தாள். ஸ்டாண்டை நிறுத்தினாள். மேஜை விளக்கைச் சாய்த்து வைத்தாள்.

“மாமா, கொஞ்சம் கண்ணைத் திறங்களேன்.”

சேக் மைதீன் திறந்தார். தலையணையை அடுக்கி அவரைச் சாய்த்து உட்கார வைப்பதற்குள் அவருக்கு மூச்சு முட்டியது. அவள் முதலில் ஒரு நாயக்கர் காசை வைத்தாள். டிவி முழுக்க ஒரு மீன் எழும்பியது. செதில் செதிலாக, வாலை மடக்கிக்கொண்டு.

அவர் கை திரையை நோக்கி உயர்ந்தது. “அட, நம்ம மீனு! இதுக்காக மதுரைக்குப் போனேன்ல... ஷரபு, பாத்தியா? மீனு.”

“பாத்தேன், பாத்தேன். நீங்க பேசாம பாருங்க” என்றார் மாமி. யாசீன் புத்தகம் மடியில் மூடிக் கிடந்தது.

ஒவ்வொன்றாக வந்தது. புலி வந்தது. கையில் பூ ஏந்தி ராஜா ஒருவர் வந்தார். வந்த காசுக்கெல்லாம் அவர் பேர் சொன்னார், மூச்சு இருக்கும்போது வாயால், இல்லாதபோது விரலால். கல்யாண வீட்டு வாசலில் விருந்தாளியை வரவேற்கிற மாதிரி இருந்தது அவர் முகம். இதற்காகத்தானே ஓடினோம் என்று ஆரிஃபா நினைத்தாள்.

“உன் காசு எங்க?” என்றார் மாமா.

“அது... அது எதுக்கு மாமா? நவாபு காசு இன்னும் நிறைய இருக்கு.”

“முசிறிக் காசு. வை.”

அவள் மாமியைப் பார்த்தாள். மாமிக்கு என்ன தெரியும்? கைக்குட்டையை அவிழ்த்துக் காசை எடுத்து வைத்தாள். வைத்துவிட்டு டிவியைப் பார்க்கத் துணிவில்லாமல் மாமாவின் காலைப் பார்த்தாள். அறை முழுக்க அந்தச் செம்பு வெளிச்சம் அடித்தது.

“மாமா, என்னை மன்னிச்சிடுங்க. எனக்குத் தெரியாது. புளி போட்டுத் தேச்சுக் குடுத்துட்டேன். காசையே கெடுத்துட்டேன். இன்னிக்குக் கடையிலதான் சொன்னாங்க.”

சேக் மைதீனின் நெஞ்சு குலுங்கியது. மூச்சு இழுக்கிறதோ என்று இரண்டு பெண்களும் பதறி எழுந்தார்கள். இல்லை, மனுஷர் சிரிக்கிறார்.

“குடுத்த அன்னிக்கே தெரியும் புள்ள. தாளைப் பிரிச்சதும் புளி வாசம். காசை எடுத்து மீன் ஆணத்துல போட்டுட்டியோன்னு நெனச்சேன்.”

“அப்ப ஏன் மாமா சொல்லல?”

“சொன்னா அழுவே.” அவர் நிறுத்தி மூச்சை வாங்கிக்கொண்டார். “அப்புறம் கண்ணு போச்சு. காசெல்லாம் கறுப்பா? ஆல்பத்தைத் திறந்தா ஒரே இருட்டு. எந்தப் பக்கம் மேல, எது கீழன்னு தெரியாது. உன் காசு ஒண்ணுதான்... மினுக்குன்னு தெரியும். அதுலேர்ந்து விரல் விட்டுப் போனா, அடுத்தது மீனு, அடுத்தது புலி. எல்லாத்தையும் கண்டுபிடிச்சுடுவேன்.”

ஆரிஃபா அப்போதுதான் டிவியை நிமிர்ந்து பார்த்தாள்.

“அது கறுத்துடக் கூடாதேன்னு நானே தெனம் கைலியில தேய்ப்பேன்” என்றார் மாமா, குரலை இறக்கி. “ஊர்ல யாராவது காசைத் தொட்டா சண்டைக்குப் போற ஆளு நான். வெளிய சொல்லிடாத.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தது. அந்தக் கை அவள் தலைமேல் வந்து விழுந்தது. “நீ நல்லா இருக்கணும். அல்லாஹ் உன் கண்ணுல ஒளியை வைக்கணும். நீ இல்லேன்னா இத்தனை நாளும் நான் முழுக் குருடு” என்றார்.

அதற்குமேல் அவர் பேசவில்லை. தண்ணீர் என்று ஜாடை காட்டினார். மாமி ஜம்ஜம் தண்ணீரைக் கரண்டியால் வாயில் விட்டார், காதருகே குனிந்து கலிமாவை மெதுவாகச் சொல்லிக் கொடுத்தார். மாமாவின் உதடு கூடவே அசைந்தது. சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லி முடிந்தபோது மூச்சும் முடிந்திருந்தது. மாமி அவர் இமைகளை மூடினார். பிறகு திரும்பாமலே, “டிவியை அமத்திடும்மா” என்றார். மாமியின் வாயிலிருந்து அந்த ‘ம்மா’ வந்து ஆரிஃபா கேட்டதில்லை.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததும் தென்னூர் சொந்தமெல்லாம் வந்து சேர்ந்தது. பொழுது சாய்ந்து அஹத் ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்தான். அத்தாவின் முகத்தருகே மண்டியிட்டு, அழுது ஓய்ந்த பிறகு, எல்லா மகன்களும் கேட்பதைக் கேட்டான்.

“கடைசியா என்னம்மா பேசுனாங்க?”

ஆரிஃபா வாயைத் திறப்பதற்குள் மாமி பதில் சொன்னார், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

“கலிமா சொன்னாங்கடா. அதுக்கு முன்னால உன் பொஞ்சாதிக்கு துஆ செஞ்சாங்க. இன்னிக்குக் காலையில நான் அவளைத் திட்டி அனுப்புனேன். அவ மட்டும் என் பேச்சைக் கேட்டிருந்தா, உங்க அத்தா இருட்டுலயே போயிருப்பாங்க.”

அஹத் மனைவியைப் பார்த்தான். அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. தண்ணீர்த் தம்ளர்களை அடுக்கிய தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக் கதவோரம் போய் நின்றாள். யா அல்லாஹ், நல்ல கேமராவாகப் பார்த்து எடுக்க வைத்தாயே, உனக்குத்தான் எல்லாப் புகழும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆண்கள் வெளியே போனதும் பெண்கள் மாமாவின் உடலைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்து ஓத ஆரம்பித்தார்கள். தலைமாட்டில் மாமி இருந்தார். தூரத்து உறவில் ஒரு பெரியம்மா, துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தபடி பெருமூச்சு விட்டாள்.

“பொம்பளைப் புள்ளை இல்லாத வீடு. தலைமாட்டுல உக்காந்து ஓத ஒரு மக இல்ல பாரு, ஷரபு.”

“ஏன் இல்ல?” என்றார் மாமி.

கதவோரம் நின்றவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு துப்பட்டாவை இழுத்து ஒதுக்கிக்கொண்டு, பாயில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு நகர்ந்தார்.