பைப்படி அந்தோணியார்

ஏழு பக்கெட்டுக்கு ஏழு தடவை எழுதச் சோம்பல்பட்டு, ஒரே சுற்றில் எல்லாம் உருவாகும்படி ஜோமோன் கம்ப்யூட்டர் கோடு எழுதியிருந்தான். அந்தச் சோம்பலுக்குத்தான் எஞ்சினீயரிங் என்று பெயர் என்பது அவன் கட்சி.

தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் கிளவுடில் ஏற்றுகிற வேலை. லயத்து வீடுகள் ஏழு அன்பியங்களாக, அதாவது ஜெபக் குழுக்களாகப் பிரிந்திருந்தன; அன்பியத்துக்கு ஒரு புனிதர், புனிதருக்குக் கிளவுடில் ஒரு பக்கெட், அதாவது ஒரு சேமிப்புப் பெட்டி. ஆறு பேர் ஒழுங்காக ஏறிவிட்டார்கள். அந்தோணியார் மட்டும் காலையிலிருந்து வழிவிடவில்லை.

"முடிஞ்சுதாலே?" என்றாள் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த கத்தரீனாள்.

"ஆயிட்டே இருக்கு சித்தி."

"ஒம்போது மணிக்கும் இதத்தாஞ் சொன்ன."

அவள் அப்பாவின் ஞானஸ்நானப் பதிவுப் பக்கம் அந்தோணியார் அன்பியத்தில் இருந்தது. மகள் சோனாவின் நர்சிங் சீட்டுக்கு அதைப் பூர்வீகச் சான்றாகத் தாலூக் ஆபீஸில் கொடுக்க இன்றுதான் கடைசி நாள். கோயில் இணையதளத்திலிருந்து முத்திரையோடு இறங்கும் தாள்தான் செல்லும். பஸ் பன்னிரண்டரைக்கு. மணி பதினொன்றே முக்கால்.

'அனுமதி இல்லை' என்றது திரை. சொந்தப் பக்கெட்டுக்குள் நுழைய அவனுக்கே அனுமதி இல்லையாம். கடவுச்சொல்லை மாற்றினான், லேப்டாப்பை அணைத்துப் போட்டான், கணக்கைத் திறந்து மூடினான். கடைசியில் தான் எழுதியதையே படித்துப் பார்த்தான். அது அவன் வழக்கமில்லை. 'பெயர் ஏற்கெனவே இருந்தால் நம்முடையதுதான், கண்டுகொள்ளாமல் மேலே போ' என்று ஒரு வரி. மேதாவி வரி. ஒரு பெயரில் உலகத்துக்கே ஒரு பக்கெட்தான் இருக்கலாம். எவனோ முன்பே அந்தோணியாரைப் பிடித்துவைத்திருக்கிறான். காலையிலிருந்து அந்நியன் வீட்டுக் கதவை இடித்துக்கொண்டிருந்திருக்கிறான் ஜோமோன்.

அந்தோணியார் ஒன்று என்று வைத்துப் பார்த்தான். அதுவும் போயிருந்தது. இரண்டும் போயிருந்தது.

"இந்தப் பேரு வேற யாருட்டயோ இருக்கு சித்தி."

"நம்ம லயத்துல எத்தன மேரி?"

"மூணு."

"எப்படிக் கூப்பிடுதோம்?"

"பைப்படி மேரி, கங்காணி வீட்டு மேரி..." ஜோமோன் நிறுத்தினான்.

"இதுக்குப் போயா காலேஜுல நாலு வருசம் இருந்த?"

அந்தோணியாரின் குருசடிக் கோயில் இருப்பதும் தண்ணீர்க் குழாயடியில்தான். 'பைப்படி அந்தோணியார்' என்று அடித்தான். உலகத்தில் வேறு யாருக்கும் அவர் தேவைப்பட்டிருக்கவில்லை. பக்கெட் பிறந்தது, பக்கங்கள் ஒவ்வொன்றாக ஏறின. பன்னிரண்டு இருபதுக்கு முத்திரைத் தாள் பிரிண்டரை விட்டு வந்தது.

தாளைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு வாசலில் திரும்பினாள் கத்தரீனாள். "மெழுகுவத்திய ஒனக்குக் கொளுத்தவா, அவருக்காலே?"

"அவருக்கே கொளுத்துங்க. காலையிலேர்ந்து நா அவரத்தான் வஞ்சுட்டிருந்தேன்."

அவள் ஓடிப்போய் வளைவில் பஸ்ஸைப் பிடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, அந்த மேதாவி வரியை அழித்தான்.