நீர்வண்டு இருக்கலாம்

வனத்துறை அலுவலகத்தில் தங்கைக்கு ‘வண்டு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. மூன்று வருடமாகக் குளத்தங்கரையில் குப்புறப் படுத்து, அழிந்துவரும் ஓர் நீர்வண்டைத் தேடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பக்கத்து மேசை அக்காவுடையது. அவளுக்கு மான். குட்டைக்கொம்பு மான்களில் மிஞ்சியவை நாற்பத்தொன்று. அத்தனையும் அவளுக்கு முகப்பழக்கம்.

இரண்டு உயிருக்கும் அந்த ஒரே குளம்தான் கதி. கோடையில் வற்றுகிற அதை ஆழமாக்கிச் சிமெண்ட் பூசினால் மான்கள் பிழைக்கும். கரைச் சேறு போய்விட்டால் வண்டு முட்டையிட இடமில்லை. இரண்டையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கை தரச் சொன்னார் அதிகாரி.

“மானுக்குத் தாகம்னா மூஞ்சியிலயே தெரியும்டி. உன் வண்டுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்?” என்று அக்கா சீண்டினாள்.

“இறக்கைக்கு அடியில காத்தை அடைச்சுக்கிட்டு தண்ணிக்குள்ள போகும்க்கா. உன் மானைப் போகச் சொல்லு பாப்போம்.”

சிரித்தார்கள். ஆனால் ‘தற்போது உள்ளதா?’ என்ற கட்டம் வந்ததும் தங்கைக்குக் கை ஓடவில்லை. கடைசியாகப் பார்த்தது போன மாதம். கறுப்பாக ஒன்று மின்னி, அமிழ்ந்தது. வெறும் விதையாக இருந்தால்? ‘இருக்கிறது’ என்று எழுதினாள். அடித்தாள். ‘இருக்கலாம்’ என்று மாற்றினாள்.

அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்தார். “ஒரு பக்கம் நாப்பத்தோரு உசுரு. இன்னொரு பக்கம் ஒரு ‘லாம்’. நான் என்னம்மா செய்ய?”

“பாத்தேன் சார்.”

“நிச்சயமா?”

அறிக்கையில் அடித்திருந்த ‘இருக்கிறது’ மேல் அவள் பார்வை போனது. 

வெளியே வந்ததும் அக்கா பொரிந்து தள்ளினாள். “இருக்குன்னு எழுதித் தொலைச்சா என்னடி? வேற இடத்துல தொட்டி கட்டச் சொல்லி நானே சண்டை போட்டிருப்பேனே!”

“பொய்யாப் போயிட்டா?”

“போடி பைத்தியம்.” அக்காவின் குரல் உடைந்திருந்தது.

இரண்டு வாரத்தில் குளம் வழவழவென்று ஆகிவிட்டது. இயந்திரம் வாரிக் கொட்டிய சேற்றைத் தங்கை தினமும் விரலால் பிசைந்து பார்த்தாள். தண்ணீர் விட்ட மூன்றாம் நாள் வண்டு கிடைத்தது. சட்டைப் பொத்தான் அளவு, இறக்கை மூடியபடி, காய்ந்து. அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள். 

அந்த நேரம் பார்த்து மான்கள் இறங்கி வந்தன. நடுவில் ஒரு குட்டி. புதுத் தண்ணீரில் வாய் வைத்தன. கையிலிருந்ததையே பார்த்தபடி அக்கா உட்கார்ந்திருந்தாள். மான் கணக்கு எழுதும் நோட்டு மடியில் மூடிக் கிடந்தது.

“எண்ணுக்கா,” என்றாள் தங்கை. “போயிடப் போகுது.”