வீட்டுக்காரர்

"கையில இருக்கிற பணமா, கடனா?" என்று வங்கி மேலாளர் கேட்டதும் ஜெராக்ஸ் கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பதினெட்டு வருடமாக ஊரார் பத்திரங்களை நகலெடுத்தவர். அந்தத் தாள்களின் சூடு கையில் பட்டுப்பட்டே தானும் சொத்து நிபுணராகிவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு.

"சொந்தக் காசைப் போடுறவன் சம்சாரி சார். அடுத்தவன் காசைப் போடுறவன்தான் முதலாளி. வாடகை வரும், தவணை போகும். நடுவுல நான் கால்மேல கால் போட்டுக்கிட்டு இருப்பேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். "என் பணத்துல சின்னதா ஒரு வீடு வாங்கிடலாங்க. கடன் எதுக்கு?" என்றாள்.

"ஊசி போடுறது உன் வேலை. இது என் வேலை."

குடியிருக்கும் வீட்டை ஈடாகக் கேட்டார்கள். அது இருவர் பேரிலும் இருந்ததால், கையெழுத்துப் போட மட்டும் அவளுக்கு உரிமை வழங்கப்பட்டது. போட்டாள்.

நான்காவது மாடியில் ஒரு வீடு வந்தது. "இத்தனை வருஷமா போன்ல 'எங்க வீட்டுக்காரர்'னு சொல்லுவியே, இப்பதான்டி அது நிஜமாயிருக்கு" என்று அவர் மீசையைத் தடவினார்.

வாடகைக்கு என்று மாட்டிய பலகை ஐந்து மாதம் வெயிலில் வெளுத்தது. வந்தவர்கள் மூச்சு வாங்க மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டே பேரம் பேசினார்கள். அவர் மனதில் வைத்திருந்த வாடகை கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, அந்தக் கட்டெறும்பும் குடிவரவில்லை. மனைவியின் பணத்தைத் தொடாத முதலாளித் திட்டம், மாதாமாதம் அவள் பணத்தையே தின்று தீர்த்தது.

பிறகு ஒரு நாள் முகம் மலர வந்தார். "நாம மாடிக்குப் போயிடுவோம். இந்த வீட்டை வாடகைக்கு விட்டா அதுக்கு ரெண்டு மடங்கு வரும். எப்படி என் மூளை?"

அவள் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தாள். எல்லாம் கடையில் வீணான நகல்கள். அதில் பாதி யார் யாருடைய வீட்டுப் பத்திரங்களோ.

மாடிக்குக் குடிபோன மூன்றாம் வாரம், பழைய வீட்டில் குடியிருப்பவளிடமிருந்து போன் வந்தது: சமையலறைக் குழாய் ஒழுகுகிறது.

"குழாய்க்கெல்லாமா முதலாளி போவான்?" என்றார் அவர்.

அவள் போனாள். தன் வீட்டு அழைப்புமணியை முதல்முறையாக விருந்தாளி போல அழுத்தினாள். வெளியே நின்று கேட்டால் அது இவ்வளவு மெலிதாகத்தான் கேட்கும் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

"வாங்கம்மா. செருப்பை வெளியிலயே விட்டுடுங்க, இப்பதான் துடைச்சேன். வீட்டுக்காரர் வரலையா?"

"அவருக்கு முட்டி வலி. நாலு மாடி ஏறி இறங்குறாருல்ல."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கருவி எதையும் தேடவில்லை. பிடியை இடப்பக்கம் திருப்பி, லேசாக மேலே தூக்கி அழுத்தினாள்.

"அட, நின்னுடுச்சே! இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

குடியிருப்பவள் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இவள் குழாயிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள்.