வாவி மக்னீசியா, நூற்றுக்கு எட்டு

உலை முப்பத்தொரு மணி நேரமும் நாற்பது நிமிடமும் எரிந்தது. திறந்தபோது எட்டு மாதிரி ஓட்டு வில்லைகளும் ஒரே வெள்ளையாக இருந்தன. பென்சிலால் எழுதிய அடையாளம் ஒன்றிலும் இல்லை.

“பென்சில் எரியுமெண்டு எனக்கு ஆர் சொன்ன?” என்றார் ஆய்வுகூட உதவியாளர் ஆதம்பாவா நானா.

நாலு வில்லைகள் வெறும் களிமண்ணும் அலுமினாவும். மற்ற நாலில், ஆய்வுகூடத் தலைவர் கனகசிங்கம் சேர் வாவியின் உப்புநீரிலிருந்து பிரித்தெடுத்த மக்னீசியாவும் உண்டு. அதை அளவாகச் சேர்த்தால், சூட்டில் முல்லைட்டு என்ற படிகம் ஊசி ஊசியாகச் சீக்கிரம் வளரும். ஓடு கடும் வெப்பத்தையும் தாங்கும். கூடினால் உள்ளே கண்ணாடியாக இளகிவிடும். நூற்றுக்கு இரண்டு என்று நான் எழுதியிருந்தேன்.

“நம்மட வாவிச் சாமான் பிள்ளை, கஞ்சத்தனம் பண்ணாதீர்” என்று சேர் அதை எட்டாக்கியிருந்தார்.

இப்போது அவர் வில்லைகளை ஒவ்வொன்றாக மேசையில் தட்டினார். நாலு ‘ணங்’ என்றன. நாலு ‘டொக்’ என்றன.

“ணங் எல்லாம் மக்னீசியா. வேற என்னவா இருக்கும்?”

நானா அதே பென்சிலை எடுத்து அப்படியே எழுதினார்.

உலைக்குப் போகுமுன், ஒரு வகை வில்லைகளின் அடியில் மட்டும் என் தலைத்துணிக் குண்டூசியால் ஒரு புள்ளி குத்தியிருந்தேன். ‘ணங்’ என்றவற்றைத் திருப்பிப் பார்த்தேன். பழையபடி கவிழ்த்து வைத்தேன். என் தற்காலிக வேலை மாத முடிவோடு முடிகிறது. நீடிப்புக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டியவர் சேர்.

மேசையில் தட்டியது சேரின் ஆய்வுக் கட்டுரையில் ‘ஒலிசார் பரிசோதனை’ ஆனது. முடிவுரையில் ‘ஐயத்துக்கு இடமின்றி’ மூன்று முறை வந்தது. தட்டச்சு செய்தது நான்தான்.

“உன்ட வாயென்ன புள்ள, உலைக்கதவா? பூட்டியே கிடக்கு” என்றார் நானா.

உலை திறந்த பத்தொன்பதாம் நாள், ஓட்டுத் தொழிற்சாலை வைத்திருக்கும் ஹமீட் ஹாஜியார் வந்தார். ‘ணங்’ வில்லைகள் நாலும் தாம்பாளத்தில் காத்திருந்தன.

“பனிச்சங்கேணியில வாவிக்கரைக் காணி பாத்திட்டன் சேர். மக்னீசியா எவ்வளவு காலத்துக்கு எடுக்கலாம்?”

“வாவி இருக்குமட்டும்.”

சேரின் சட்டைப் பையில் என் கடிதத்தின் நுனி தெரிந்தது. ஹாஜியார் போனதும் கையெழுத்து வைப்பதாகக் காலையில் சொல்லியிருந்தார்.

ஹாஜியார் ஒரு வில்லையைத் திருப்பினார். “இதென்ன, அடியில ஓட்டை?”

“வாயு வெளியேறின துளை. மக்னீசியாவின்ர குணம் அது.”

ஹாஜியார் மற்ற மூன்றையும் திருப்பினார். “நாலிலயும் ஒரே இடத்தாலயா வெளியேறின?”

சேர் என் பக்கம் திரும்பினார். “விளங்கப்படுத்தும் பிள்ளை.”

‘ஓம்’ என்றால் போதும். நானா தரையைப் பார்த்தார்.

“அது நான் குண்டூசியால குத்தினது சேர்” என்றேன். “மக்னீசியா போடாத வில்லை எதெண்டு தெரியிறதுக்கு.”