நமக்கு வராத வியாதி

நல்லசிவம் சுகாதாரத் துறையில் புள்ளிவிவர அதிகாரி. ஊசியைக் கண்டாலே அவருக்குத் தலை சுற்றும். ஆனாலும் டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் தமிழர்களுக்கு அவர் பாதி டாக்டர். யாருக்குத் தும்மல் வந்தாலும் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். அவரும் சளைக்காமல் மருந்து சொல்லி அனுப்புவார்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு மாநாட்டுக்காகக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் பணக்கார நாடுகளில் அதிகம், ஏழை நாடுகளில் குறைவு என்பது அதன் சாரம். வந்து சேர்ந்த கணக்குகளும் அப்படித்தான் சொல்லின. கட்டுரை ஜோராக வந்திருப்பதில் அவருக்கு ஏகப்பட்ட பூரிப்பு.

வீட்டு வேலை செய்யும் வடிவு ஒரு சாயங்காலம் தன் சின்னப் பெண் ராஜாத்தியைக் கூட்டிவந்தாள். பல்பு வெளிச்சத்தில் குழந்தையின் இடது கண் பூனைக்கண் மாதிரி வெள்ளையாக மின்னியது. குடிசைப் பக்கம் எல்லோரும் அதிர்ஷ்டக் கண் என்றார்களாம். ஒருத்தி மட்டும், கண்ணில் புற்று இருந்தால் இப்படித்தான் மின்னும் என்று பயமுறுத்தியிருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று வடிவு கேட்டாள்.

நல்லசிவம் சிரித்தார்.

"அது வசதியான நாட்டுப் பிள்ளைகளுக்கு வர்ற வியாதி, வடிவு. நமக்கெல்லாம் வராது. இது சத்துக் குறைவு. பப்பாளி கொடு."

டாக்டரிடம் ஒரு தடவை காட்டினால் என்ன என்றாள் அவர் மனைவி சுந்தரவல்லி. நீ புள்ளிவிவரம் படித்திருக்கிறாயா என்று கேட்டார். அவள் படித்ததில்லை.

குளிர்காலம் முழுக்க ராஜாத்தி பப்பாளி தின்றாள். ஹோலி முடிந்ததும் கண் பிதுங்க ஆரம்பித்தது. சுந்தரவல்லி கணவரிடம் மூச்சு விடாமல், தாயையும் மகளையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

புற்றுதான். கண்ணை எடுத்தார்கள். முன்பே வந்திருந்தால் கண்ணையும் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். இப்படி எத்தனையோ ஏழைக் குழந்தைகள், ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமலே போய்விடுகிறார்கள், எந்தக் கணக்கிலும் வருவதில்லை என்றும் சொன்னார். சுந்தரவல்லி அதை வீட்டில் வந்து ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள். தன் கணக்குகள் ஏன் அப்படிச் சொல்லின என்பது நல்லசிவத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

ராஜாத்தி பிழைத்துக்கொண்டாள். வடிவு அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடி வேலைக்கு வந்தபோது, நல்லசிவம் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். வடிவு விடவில்லை, எதிரில் வந்து நின்றாள்.

"ஐயா சொன்ன மாதிரியே பப்பாளி குடுத்தேங்க, ஒரு நாளும் வுடலை. ஐயா வாக்குல தப்பு இல்லைங்க. இவதான் நமக்கு வராத வியாதிய எங்கேருந்தோ இழுத்துக்கிட்டு வந்துட்டா. மனசுல வச்சுக்காதீங்க."

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.