பனிவெளியிலிருந்து வந்தவன்

வியன்னாவில், முன்னொரு காலத்து இளவரசர் கட்டி, இப்போது ஓவியக் காட்சியகமாகிவிட்ட குன்றுமேட்டு அரண்மனையின் ஏழாம் அறையில் மாட்டியிருந்த பனிவெளி ஓவியத்துக்குள், 1951 நவம்பரில் ஒரு மனிதன் நடக்க ஆரம்பித்தான். முதலில் கடுகளவுதான் இருந்தான். அறைக் காவலர் ஓட்டோகார் வெசெலி ஈ எச்சமென்று நினைத்துத் துடைக்கப் போனார்.

தையல்காரி ஹெர்மினா ஞாயிறுதோறும் அந்த அறைக்கு வருவாள். வீட்டில் அடுப்புக்கரி கிடையாது, அரண்மனையில் கொஞ்சம் கதகதப்பு இருந்தது. தபால்காரனாக இருந்த அவள் புருஷன் ருப்பெர்ட் ரஷ்யாவுக்குச் சண்டைக்குப் போய், ஒன்பது வருஷமாகத் தகவல் இல்லை. மூடும் நேரத்துக்குப் பிறகு அவளும் ஓட்டோகாரும் தோட்டத்து நீரூற்றுகளைச் சுற்றி நடந்தார்கள். இரண்டு குளிர்காலம் அப்படி நடந்தபின் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்தார்கள். ருப்பெர்ட் இறந்தவன் என்று நீதிமன்றம் அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி.

1953இல் ஓவியத்து மனிதன் விரலளவு ஆனான். பை தூக்கிப் பழகியவன்போல இடது தோள் சாய்ந்திருந்தது. ஹெர்மினா சொல்லி ஓட்டோகாருக்கு அந்தத் தோளைத் தெரியும். அன்றே அவள் உட்காரும் பெஞ்சை எதிர்ச்சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார்.

"பெஞ்சைத் திருப்பிட்டா அவன் வழி தவறிடுவானாப்பா?" என்று பக்கத்து அறைக் காவலர் பொல்டி கேட்டார்.

1955 மே மாதம் நீதிமன்ற அறிவிப்பு வந்தது. கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். அதற்குள் ஓவியத்தில் முகம் தெரிந்தது, தாடியில் உறைந்திருந்த பனியும் தெரிந்தது. அடுத்த ஞாயிறு காலை ஓட்டோகார் பெஞ்சைத் திரும்ப இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"எத்தனை நாளா தெரியும் உங்களுக்கு?"

"ரெண்டு வருஷமா."

"சொல்லாமலே இருந்திருக்கலாமே."

"இருந்திருக்கலாம். அவருக்குக் குளிருது, ஹெர்மினா."

மூன்றாம் ஞாயிறு அவன் ஓவியச் சட்டத்தின் விளிம்பருகே வந்து நின்றான். அவள் ஒரு கையைப் பிடித்தாள், ஓட்டோகார் மற்றதைப் பிடித்து இறக்கினார். தரையில் கணுக்காலளவு பனி கொட்டியது. ருப்பெர்ட் சீருடைக்காரரை ஏற இறங்கப் பார்த்தான்.

"இவர் யாரு?"

"நீங்க வர்றதைப் பார்த்துட்டிருந்தவர்" என்றாள்.

ஓட்டோகார் தன் மேலங்கியைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் செடிவேலிகளுக்கு நடுவே மெதுவாக இறங்கிப் போனார்கள். தோட்டத்தில் கூட்டம் அதிகம், ஆனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வருஷம் ரஷ்யச் சிறைமுகாம்களிலிருந்து திரும்பிய எல்லோரும் பார்க்க அப்படித்தான் இருந்தார்கள்.